பேரேட்டில் ஏறாத திறமை

ஒரே தெருவில் பிறந்து, ஒரே மதரஸாவில் ஓதி, ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு வரை படித்த இருவரின் வருமானம் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் மாதம் முழுவதும் உழைத்து வாங்குவதை மற்றவர் பத்தே நாளில் ஈட்டிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவரவர் ரிஸ்க் அவ்வளவுதான்."

ரிஸ்கை அளப்பவன் இறைவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கூலி என்பது ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகப் பேரேட்டில் எழுதும் தொகை. அந்தத் தொகை எவ்வாறு முடிவாயிற்று என்று கேட்பது இறைவனின் பங்கீட்டைக் கேள்வி கேட்பதாகாது. எழுதிய கையைப் பற்றி விசாரிப்பதே ஆகும். அவ்விசாரணை நம் சமுதாயத்திற்கு மிகவும் தேவைப்படுகிறது. கூலி வாங்குவோரும் நம்மில் பலர். கூலி கொடுப்போரும் நம்மில் பலர்.

இந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பீடி சுற்றிய தாயின் மகன் நான். வளர்ந்த பின் பதினெட்டு ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதினேன். கூலி வாங்கும் கையையும் கூலி எழுதும் கையையும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டவற்றையும் பின்னர் படித்து அறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உம்மாவின் சுளகு

1970களில் மேலப்பாளையத்தில் அஸர் தொழுகை முடிந்த வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் கத்தரிக்கோலின் ஓசை காதில் விழும். நடைகளில் பெண்கள் மடியில் சுளகை ஏந்திப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். என் உம்மாவும் அவர்களில் ஒருவர். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் விரல் வேகம். ஆனால் சுற்றத் தொடங்குவதற்கு முன்பே பாதித் திறமை செலவாகியிருக்கும். வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காடுகளிலிருந்து வரும் காய்ந்த இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். குறைந்தால் சுருட்டும்போது இலை வெடிக்கும். எவ்வளவு ஈரம் போதும் என்பதை உம்மா பெருவிரலால் ஒருமுறை தடவிச் சொல்லிவிடுவார். அடுத்து, தகரத் தகட்டை இலைமேல் வைத்து வெட்டும் வேலை. நரம்பு எப்பக்கம் ஓடுகிறது, ஓட்டை எங்கே, கிழிசல் எங்கே என்று பார்த்துத் தகட்டைத் திருப்பி வைக்கத் தெரிந்தவருக்கு, நிறுத்துக் கொடுத்த இலையில் ஆயிரம் பீடி நிறைந்துவிடும். தெரியாதவருக்கு ஐம்பதோ எண்பதோ குறையும். குறைந்ததற்குக் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி நிரப்ப வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் தராசு இல்லாமல் விரல் நுனியால் தூளை அளப்பதும், சுருட்டுவதும், வாய் மடிப்பதும், நூல் கட்டுவதும்.

தெருவில் புதிதாகத் தொழில் பழகும் சிறுமிகள் எங்கள் வீட்டிற்கு வருவார்கள். குறைந்தது பன்னிரண்டு பேருக்காவது உம்மா தொழில் கற்றுக்கொடுத்திருப்பார். இலைக்கட்டு மோசமாக வந்த நாளில் அண்டை வீட்டு மாமிகள் அதைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். இருந்தும் பீடிக்கடையில் ஆயிரத்துக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதேதான் உம்மாவுக்கும். எண்ணிக்கை கூடினால் கூலி கூடும். இலையை வீணாக்காததற்கோ, கழிவு விழாததற்கோ, பிறருக்குக் கற்றுக்கொடுத்ததற்கோ ஒரு பைசா கூடியதில்லை. திறமை இல்லாதவருக்குத் தண்டனை இருந்தது. திறமை உள்ளவருக்கு அந்தத் தண்டனை இல்லை என்பதே பரிசாக இருந்தது.

இதைவிட வேதனையான ஒன்று என் லாத்தாவுக்கு நேர்ந்தது. பாஸ் புத்தகம் உம்மா பெயரில் ஒன்றே ஒன்று. லாத்தாவும் பதினோரு வயது முதல் நிக்காஹ் ஆகும்வரை அதே புத்தகத்தில் சுற்றினார். அந்த ஆண்டுகளில் அவர் கட்டிய பீடிகளை எண்ணினால் பல இலட்சம் வரும். ஆனால் அவர் ஒரு பீடிகூடச் சுற்றியதாக எந்தக் கடையின் ஏட்டிலும் பதிவு இல்லை. பிற்காலத்தில் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் என்று மற்ற பெண்கள் படிவம் நிரப்பியபோது அவர் நிரப்புவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சட்டம் இப்பெண்களை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், கடைக்கு வராமல் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே கொண்டது. அச்சட்டத்தை முதலாளிமார் எதிர்த்தபோது 1974ல் உச்சநீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இலை வழங்குவதிலும், பீடியைக் கழிப்பதிலும், கழித்த பீடிக்குக் கூலி தருவதிலும் எழும் தகராறுகளைத் தீர்க்க அச்சட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கும் ஏட்டில் பெயர் இருக்க வேண்டுமல்லவா? பெயர் இல்லாதவருக்குக் கதவு இருந்தும் பயனில்லை.

பீடித் தொழிலை உயர்த்திப் பேசுவது என் கருத்தன்று. புகைப்பவரின் மார்பை மட்டுமன்றிச் சுற்றுபவரின் மார்பையும் அந்தத் தூள் பதம் பார்க்கிறது. நம் பெண்மக்கள் வேறு தொழில்களுக்கு மாறுவதே நன்று. ஆயினும், மாறும்போது எதைக் கையில் கொண்டு மாறுகிறார்கள் என்பதே கேள்வி. நாற்பது ஆண்டு விரல் நுட்பத்தைப் புதிய முதலாளி எந்தத் தாளில் படிப்பார்?

தோலைப் படிக்கும் கண்

1986ல் நான் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் கணக்கு வேலையில் சேர்ந்தேன். சம்பளப் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், பிரிவு, வேலை நாள், நாள் கூலி, மிகைநேரம், பிடித்தம் எனக் கட்டங்கள் இருக்கும். அத்தனை கட்டங்களிலும் அந்த மனிதருக்கு என்ன தெரியும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

தோலைத் தரம் பிரிப்பதற்கென்று ஒரு பெரியவர் இருந்தார். 'செலக்‌ஷன் பாய்' என்றே எல்லாரும் அழைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. வடக்குப் பார்த்த சன்னல் ஓரம் மேசை போட்டு நிற்பார். தோலை விரித்து, கையால் நீவி, ஓரிடத்தை மடித்துப் பார்த்து, அரை நிமிடத்திற்குள் ஒன்றாம் தரமா, மூன்றாம் தரமா, கழிவா என்று சொல்லிவிடுவார். கத்தி பட்ட காயம், உண்ணிக் கடி, அம்மைத் தழும்பு, முள் கீறல், மேல்தோல் தளர்ச்சி ஆகிய ஒவ்வொன்றும் சாயம் ஏறிய பின் எப்படித் தோன்றும் என்பதை முன்கூட்டியே அவர் கண் அறியும். ஏற்றுமதிச் சரக்கில் தரம் தவறினால், வாங்குபவர் விலையைக் குறைப்பார். அல்லது சரக்கையே மறுப்பார். கச்சாத்தோல் வாங்க முதலாளி வெளியூர்ச் சந்தைக்குப் போகும்போது வேறு யார் வராவிட்டாலும் செலக்‌ஷன் பாய் வந்தாக வேண்டும்.

அவருக்கு நான் எழுதிய சம்பளம் எந்திரம் ஓட்டுபவரின் சம்பளத்தைவிடச் சிறிதளவே கூடுதல். சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த இளைஞருக்கு முதல் மாதமே அவரைவிட அதிகம் எழுதினேன். அந்த இளைஞரோ ஈராண்டு காலம் அவர் மேசையருகே நின்று தோல் பார்க்கப் பழகினார்.

பெரியவருக்கு இதில் மனத்தாங்கல் இருந்ததா என்று நான் ஒருமுறை மெல்லக் கேட்டேன். "தம்பி, அவரு கையில காகிதம் இருக்கு. எனக்குக் கண்ணுல இருக்கு. காகிதத்த எல்லாரும் படிக்கலாம். என் கண்ண யாரு படிப்பா?" என்றார். பிற்காலத்தில் பொருளாதார நூல்களைப் புரட்டியபோது, அந்தப் பெரியவர் இரண்டே வரிகளில் சொன்னதற்கு அறிஞர்கள் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள் என்று வியந்தேன்.

அவர் வாழ்வில் ஒரு திருப்பம் வந்தது. பெரிய ஏற்றுமதி உத்தரவு ஒன்றை எங்கள் முதலாளியும் வேறொரு தொழிற்சாலைக்காரரும் சேர்ந்து ஏற்றிருந்தார்கள். சரக்கு முழுவதும் ஒரே தரமாக அமைய வேண்டும் என்பதற்காகப் பெரியவரை ஒரு வாரம் அங்கே அனுப்பினார்கள். எட்டாம் நாள் அந்தத் தொழிற்சாலைக்காரர், ஏறத்தாழ இருமடங்கு சம்பளம் தருவதாக அவரிடம் கேட்டுவிட்டார். செய்தி எங்கள் முதலாளியின் காதுக்கு எட்டியது. அடுத்த மாதம் பதிவேட்டில் நான் எழுதிய தொகை முந்தைய மாதத்தினும் வெகுவாக உயர்ந்திருந்தது.

அந்த ஒரு வாரத்தில் பெரியவரின் பார்வை கூர்மையாகிவிடவில்லை. அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. எங்கள் முதலாளிக்கு அவருடைய அருமை பல ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டுமே என்பதால் விலை உயரவில்லை. இரண்டாமவருக்கும் தெரிந்ததும் விலை வந்துவிட்டது. இந்த ஒரு செய்தியை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால் கூலி ஏற்றத்தாழ்வின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

அறிஞர்கள் கண்டது

கூலியின் வேறுபாட்டைப் படிப்பையும் அனுபவ ஆண்டுகளையும் கொண்டு விளக்க முற்பட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர். 1974ல் வெளிவந்த அவருடைய ஆய்வில் இவ்விரண்டும் சேர்ந்து விளக்கியது கூலி வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே. பெரும்பகுதி விளக்கம் பெறாமல் எஞ்சியது. ஒரே படிப்பு, ஒரே வயது, ஒரே அனுபவம் உள்ளவர்களுக்கிடையே காணப்படும் இடைவெளி அது. நம் தெருவில் நாம் 'ரிஸ்க்' என்று சொல்லி நகர்ந்துவிடும் அதே இடைவெளி.

அமெரிக்க ஆண் தொழிலாளர்களின் 1963 முதல் 1989 வரையிலான கூலியை ஆராய்ந்த ஜுன், மர்ஃபி, பியர்ஸ் என்னும் மூவர், 1993ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான இடைவெளி மட்டுமன்று. ஒரே படிப்பும் அனுபவமும் உள்ளவர்களுக்குள்ளேயே இடைவெளி விரிந்துகொண்டு போகிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத திறமைக்குச் சந்தையில் மதிப்புக் கூடிவருவதே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கொண்ட பொருள். எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை. தொழிலாளர்களின் வயதும் படிப்பும் மாறிவந்ததே அந்த விரிவின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று தாமஸ் லெமியூ 2006ல் வாதாடினார்.

முதலாளி திறமையை எப்படி அறிகிறார்? வேலைக்கு எடுக்கும் நாளில் அவருக்குத் தெரிவது காகிதம் மட்டுமே. கற்ற கல்வி வேலைக்கு நேரடியாகப் பயன்படாவிட்டாலும், 'இவர் திறமையுள்ளவர்' என்று காட்டும் அடையாளமாக அது செயல்படக்கூடும் என்பதை 1973ல் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். திறமை குறைந்தவருக்குப் படிப்பை முடிப்பது கடினம். ஆகவே முடித்தவர் திறமையுள்ளவராக இருக்கக்கூடும் என்று முதலாளி கருதுகிறார். இத்துறையில் செய்த பணிக்காக 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஸ்பென்சும் ஒருவர். எங்கள் இளைஞரின் முதல் மாதச் சம்பளம் அத்தகைய அடையாளத்திற்குக் கிடைத்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல நிலை மாறுகிறது. அதே 2001ல் ஆல்டோன்ஜி, பியரெட் என்னும் இருவர், அமெரிக்க இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சேகரித்த விவரங்களை ஆராய்ந்தனர். வேலையின் தொடக்கத்தில் சம்பளம் படிப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. அனுபவம் ஏற ஏறப் படிப்பின் செல்வாக்குக் குறைந்து, முதலாளி முதலில் கண்டிராத திறமையின் செல்வாக்கு உயர்ந்தது. சந்தை மெதுவாகவேனும் ஆளைப் படித்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

இது ஆறுதலான செய்திதான். ஆனால் படித்துக்கொண்டவர் யார் என்பதைப் பொறுத்தே அந்த ஆறுதல் நிலைக்கும். ஜெர்மனியில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களைப் பற்றி அசெமோக்ளு, பிஷ்கே ஆகியோர் 1998ல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருத்தமானது. பயிற்சி கொடுத்த நிறுவனத்திற்கு இளைஞனின் உண்மையான திறமை தெரியும், வெளியாருக்குத் தெரியாது. அவன் வேலை தேடி வெளியே வந்தால் 'நல்லவனாக இருந்தால் பழைய முதலாளி விட்டிருப்பாரா?' என்று சந்தை சந்தேகிக்கிறது. கட்டாய இராணுவ சேவைக்காக வெளியேறியவர்கள்மேல் அந்தச் சந்தேகம் விழ வழியில்லை. அவர்களை நாடு அழைத்தது. பின்னர் அவர்கள் பெற்ற சம்பளம், தாமாக விலகியவர்களைவிடவும், அதே நிறுவனத்தில் தங்கியவர்களைவிடவும்கூட உயர்ந்திருந்தது. திறமையை அறிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால் அந்த அறிவின் ஆதாயம் அவருக்கே போகிறது என்பதற்கு இது சான்று.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மேற்கு ஜெர்மனியின் கூலி விவரங்களை ஆராய்ந்து கார்டு, ஹைனிங், கிளைன் ஆகியோர் 2013ல் எழுதிய கட்டுரை, ஏற்றத்தாழ்வு வளர்ந்ததில் தொழிலாளிகளுக்குள் உள்ள வேறுபாட்டிற்கு மட்டுமன்றி, நிறுவனங்களுக்குள் உள்ள வேறுபாட்டிற்கும் பங்குண்டு என்று காட்டியது. ஒரே ஆள் ஓரிடத்தில் குறைவாகவும் வேறிடத்தில் கூடுதலாகவும் வாங்குகிறார். ஆகவே, குறைந்த கூலி வாங்குபவரைத் திறமை குறைந்தவர் என்று முடிவு கட்டுவது அறிவும் அன்று, நீதியும் அன்று.

கடல் கடந்த கைகள்

நம் வீடுகளில் பலவற்றின் அடுப்பு வளைகுடாச் சம்பாத்தியத்தில் எரிகிறது. மறைந்த திறமை என்னும் இப்பிரச்சினை அங்கே இன்னும் கூர்மையாகிறது. ஏனெனில் அங்கே ஒரு மனிதனின் மதிப்பை விசாவில் எழுதிய தொழிற்பெயரே முதலில் தீர்மானிக்கிறது. கொத்தனாருக்குரிய கையோடு போனாலும் விசாவில் 'லேபர்' என்றிருந்தால் சம்பளம் லேபருக்குரியதே.

காகிதத்தின் வலிமை நம் நாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுகள் தனி வகையாக்கப்பட்டன. வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி தேவைப்பட்டது. ஏமாற்றப்படக்கூடியவர்களைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு மனிதனின் கைத்தொழில் என்ன என்று அந்தப் பிரிவு கேட்டதில்லை. பெரும்பாலும் பத்தாம் வகுப்பு உண்டா இல்லையா என்றே கேட்டது.

அங்கே போய்ச் சேர்ந்த பின், கஃபீல் முறை மற்றொரு திரையை இட்டது. ஒரு முதலாளியின் பொறுப்பில் வந்தவர் அவர் சம்மதமின்றி வேறிடம் செல்ல இயலாது என்றால், அவருடைய திறமையை இரண்டாமவர் அறிந்துதான் என்ன பயன்? செலக்‌ஷன் பாய்க்குக் கிடைத்த எட்டாம் நாள் அங்கே கிடைக்காது. இந்நிலை இப்போது ஓரளவு தளர்ந்து வருகிறது. கத்தார் அரசு 2020ல், பழைய முதலாளியின் மறுப்பின்மைச் சான்று இல்லாமலே வேலை மாற வழி செய்தது; 2021 மார்ச் முதல் எல்லாருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என்று நிர்ணயித்தது. சவூதி அரேபியாவும் 2021ல் சில நிபந்தனைகளோடு வேலை மாற இசைவளித்தது. சட்டம் தளர்ந்தாலும் நடைமுறையில் தயக்கம் உண்டு. எனினும் கதவு முன்புபோல் இறுகப் பூட்டியிருக்கவில்லை.

என் தங்கையின் மகன் ஒருவன், நெல்லையில் பட்டறை ஒன்றில் ஏழாண்டுகளாக ஏ.சி. மெக்கானிக். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லுவான். சென்ற ஆண்டு ஏஜெண்டு ஒருவர், சவூதிக்கு லேபர் விசா தயாராக இருப்பதாகவும், போய் வேலையைக் காட்டினால் அங்கே தானாக உயர்த்திவிடுவார்கள் என்றும் சொன்னார். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசினோம். "மாமா, மொதல்ல போயிருவோம். அங்க போய்க் காட்டிக்கலாம்" என்றான் பையன். தங்கைக்கோ, அடுத்த மகளின் நிக்காஹ் செலவு கண்முன் நின்றது.

நான் என் பதிவேட்டு அனுபவத்தைச் சொன்னேன். காட்டுவதற்கு ஆள் வேண்டும். கண்டவர் விலை உயர்த்துவதற்கு இன்னொருவரும் காண வேண்டும். ஒப்பந்தத்தில் லேபர் என்று கையெழுத்திட்டவன் கையைக் காட்டினால் வேலைதான் கூடும், சம்பளம் கூடுவது உறுதியில்லை என்றேன். மின்வேலை, குழாய் வேலை, வெல்டிங், ஏ.சி. ஆகிய தொழில்களுக்கு வருவோரைச் சொந்த நாட்டிலேயே செய்முறைத் தேர்வு நடத்திச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் சவூதி அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்திருப்பதையும் எடுத்துரைத்தேன். இரண்டு நாள் யோசித்த பின் அந்த விசாவை அவன் கைவிட்டான். அதன் விலை சிறிதன்று. நான்கு மாதச் சம்பளம் போயிற்று, தங்கையின் முகத்தில் கவலை ஏறியது. அவன் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். இன்ஷா அல்லாஹ், போகும்போது தன் தொழிலின் பெயரோடு போவான்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நம் வீட்டுப் பெண்களின் உழைப்பு அவரவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். பீடியோ, தையலோ, எம்பிராய்டரியோ, பாயோ எதுவாயினும் சரி. பத்தமடைப் பாய்க்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரின் பெயருக்கு மதிப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் கோரையை நூல்போல் மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பெண்ணின் பெயர், பாயை வாங்கும் வீட்டிற்குத் தெரிவதில்லை. ஊரின் திறமை வெளியே தெரிந்தால் ஊருக்கு விலை; பெண்ணின் திறமை வெளியே தெரிந்தால்தான் பெண்ணுக்கு விலை.

இரண்டாவதாக, அனுபவத்தில் கற்றதைத் தாளில் ஏற்றிக்கொள்ளும் வழிகளைப் பயன்படுத்த வேண்டும். 2015ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் பிரிவும் இடம்பெற்றது. ஜமாஅத்துகள், தொழுகை முடிந்த பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி இத்தகைய ஏற்பாடுகளை அறிவித்தால் பலருக்கு உதவியாகும். சான்று மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் தொழிலில்லாத காகிதத்தைச் சந்தை சில ஆண்டுகளில் கண்டுகொள்ளும். தொழில் உள்ள கைக்குக் காகிதமும் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

மூன்றாவது, கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு. பல ஆண்டுகள் உழைத்தவர் அனுபவச் சான்று கேட்டால், வேறிடம் போய்விடுவாரோ என்றெண்ணி எழுதிக்கொடுக்கத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. ஒருவருடைய திறமையை அறிந்திருப்பது ஓர் அமானிதம். பிறர் கேட்கும்போது அதை மறைப்பது, அவருடைய பொருளை நம் பெட்டியில் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும். போகவிடாமல் தடுத்து நிறுத்திய ஆள் முழு மனத்தோடு உழைப்பதில்லை என்பதையும் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் கூறுவேன்.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். பெரும்பாலும் அதைக் காலந்தாழ்த்தாமை பற்றியதாகவே எடுத்துக்கொள்கிறோம். கொடுக்கும் நேரம் சரியாக இருந்து, கொடுக்கும் தொகை அவருடைய ஹக்கிற்குக் குறைவாக இருந்தால் நாம் நிம்மதி கொள்ளலாமா?

இதை வாசிக்கும் ஒவ்வொரு முதலாளியும் இம்மாதச் சம்பளம் போடும்போது பேரேட்டின் ஒவ்வொரு பெயருக்கும் நேராக விரலை வைத்து, 'இவர் நாளை வராவிட்டால் என் தொழிலில் எது நின்றுபோகும்?' என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். சில பெயர்களுக்கு நேராக வரும் விடை, அங்கே எழுதியிருக்கும் தொகையைவிடப் பெரிதாக இருக்கும். மிச்சம் இருப்பது கடன். அதைத் தீர்ப்பதற்கு, அந்தத் தொழிலாளி வேறொரு கடைக்காரரின் கண்ணில் படும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.